மூன்று வண்டி, ஒரே ஒரு பார்க்கிங்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி நம் சங்கத்துச் செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். நான் சாதித்ததை எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார் போலிருக்கிறது. வண்டிக்கு மதிப்புப் போடுகிறவன் எதையும் சாதிப்பதில்லை. நாம் சொன்னது சரியாக இருந்தால் யாருக்கும் நம் முகம் ஞாபகம் இருக்காது. தப்பாக இருந்தால் கல்யாணப் பந்தியில்கூட நம்மைக் காட்டிப் பேசுவார்கள். ஆகவே ஒரு தப்பைப் பற்றி எழுதுகிறேன். அது மட்டும்தான் எனக்கு ஒரு விவரம் விடாமல் நினைவிருக்கிறது.

பெயின்ட் கனத்தை அளப்பது, எஞ்சின் சத்தத்தை வைத்து வயதைச் சொல்வது எல்லாம் இதில் வராது. அதற்கெல்லாம் உங்கள் பையில் கருவி இருக்கிறது. பார்த்ததை வாய்விட்டுச் சொல்வதற்கு மட்டும் இன்னும் யாரும் கருவி செய்யவில்லை.

நான் நகரிக்காரன். என் நைனா பவர்லூம் சத்தத்தில் பாதிக் காதை இழந்தவர். நீயாவது சத்தம் இல்லாத வேலைக்குப் போ என்பார். திருப்பதிக்கு வந்து வண்டி சர்வேயர் ஆனேன். சத்தம் போடாமல் இருப்பதை நைனா நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கற்றுக்கொண்டேன்.

லாரி, டிராக்டர், புத்தூர் ரோட்டில் புளியமரத்தைக் கட்டிப்பிடித்த பஸ் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்தாகிவிட்டது. ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தபோது சித்தூரிலிருந்து தணிகாசலம் கூப்பிட்டார்.

அவர் வெதுருகுப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபாக்டரி வைத்து நன்றாகச் சம்பாதித்து, அதை விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார். விற்காமல் வைத்திருந்தது மூன்று பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள். மூன்றிலும் இரண்டிரண்டு சீட். ஆறு பேர் போகலாம். வீட்டில் இருந்தது அவரும் அவர் மனைவி வசந்தாவும் மட்டும்தான்.

எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று எழுதப்போவதில்லை. எழுதினால் அந்தந்த வண்டியின் பக்தர்கள், கைப்பிடி இடது பக்கம் அல்ல, வலது பக்கம் என்று நாலு பக்கத்துக்குக் கடிதம் போடுவார்கள். நிறத்தைச் சொல்கிறேன், போதும். வெள்ளை வண்டி மூன்றிலும் வயதானது. தனித்தனியாக எழுந்து நிற்கும் விளக்குகள், கம்பி போட்ட சக்கரம், ஏறுவதற்கு ஒரு படி. நீலகிரியில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரர் கையிலிருந்து வேலூர் டாக்டர் ஒருவர் கைக்குப் போய், அங்கிருந்து இவரிடம் வந்தது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் காகிதம் இருந்தது. சிவப்பு வண்டிக்குப் பாதி உடம்பு மூக்கு. ஓட்டுகிறவர் ஏறக்குறைய பின்சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருப்பார். ஜில்லாவில் எந்தப் பெரிய வீட்டுக் கல்யாணமானாலும் மாப்பிள்ளை அதில்தான் வருவார். பச்சை வண்டி தவளை போல முழித்துக்கொண்டிருக்கும் சின்ன வண்டி. வெளியிலிருந்து கதவைத் திறக்கப் பிடியே கிடையாது, கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி, அதன்மேல் மாம்பழக் கிரேட்டுகளை அடுக்கிவைத்திருந்தார்கள்.

புது ரோடு வந்தது. அளந்து கல் நட்டவர்கள் சரியாகக் கார் ஷெட்டின் நடுவில் ஒரு கல்லை நட்டார்கள். ஷெட்டும் போகிறது, வீட்டின் முன்பாதியும் போகிறது. திருப்பதியில் கபில தீர்த்தம் ரோட்டுப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் வாங்கினார்கள். அங்கே தரைக்குக் கீழே ஒரு வண்டிக்கு மட்டும் இடம். தினப்படி ஓட்டிய காரை மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூன்றில் எதை வைத்துக்கொள்வது, எவற்றை விற்பது என்று சொல்லத்தான் எனக்கு அழைப்பு.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எதை விற்கலாம் என்று உங்களைக் கேட்கிறவர் அதை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டுத்தான் கேட்பார். உங்களிடம் அவர் எதிர்பார்ப்பது லெட்டர்ஹெட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது அவர் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. பழைய கார் ரசிகர்கள் பத்துப் பன்னிரண்டு பேரை டிபனுக்குக் கூப்பிட்டிருந்தார். பெசரட்டு, உப்மா, ஃபில்டர் காபி. எல்லார் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. அவர்களில் பாதிப் பேர் சொந்தமாகப் பழைய கார் வைத்திருக்கவில்லை, தொப்பி மட்டும் வைத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். அவர் தொப்பியோடு வெள்ளைக் கையுறையும் கொண்டுவந்திருந்தார், வண்டியைத் தொடுவதற்காக. நோயாளிகளின் வாயைத் தொடும்போதும் இவ்வளவு கவனம் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

வசந்தாம்மா காபி கொண்டுவந்து வைத்தபோது என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஏன் சார், அந்த அபார்ட்மெண்ட் சரிவுல எந்த வண்டி எறங்கும்?"

தொப்பிகள் எல்லாம் சிரித்தன. பரம்பரைப் பெருமை, அழகு, அபூர்வம் என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் சரிவைப் பற்றி ஒரு கேள்வி. தணிகாசலமும் சிரித்தார். நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால், அன்று அந்த ஷாமியானாவுக்குள் மதிப்பீடு தெரிந்த ஆள் வசந்தாம்மா ஒருவர்தான். அந்த நீள மூக்குச் சிவப்பு வண்டி அந்தச் சரிவில் வயிறு தட்டாமல் இறங்க வாய்ப்பே இல்லை. அபார்ட்மெண்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று வண்டிகளையும் காட்ட மஸ்தான் பாய் நின்றிருந்தார். சித்தூரில் சின்ன மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். அந்த வண்டிகளுக்கு இருபது வருஷமாக அவர்தான் எல்லாம். முதலில் வெள்ளை. அதற்கு நான் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எஞ்சின் எண், சேஸ் எண், காகிதம், மரச்சட்டம் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. இந்தத் தொழிலில் அப்படி ஒரு வண்டியை இரண்டு மூன்று முறைதான் பார்ப்பீர்கள். பச்சையைத் தார்ப்பாயைத் தூக்கி எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். கடைசியில் சிவப்பு.

சேஸ் எண் இருக்கும் இடத்தைத் துணியால் துடைத்தேன். மஸ்தான் பாய் டார்ச் பிடித்தார். நடுவில் மூன்று எழுத்துகள் மற்றவற்றைவிட ஒரு நூல் உயரம். அவற்றைச் சுற்றி உலோகத்தைத் தேய்த்த கோடுகள். அந்தக் கோடுகளின் மேல் பழைய பெயின்ட், அதன்மேல் இன்னொரு பெயின்ட். பழைய பெயின்டுக்குள்ளேயே துரு பூத்து அதுவும் பழசாகிவிட்டிருந்தது. யாரோ, எங்கேயோ, வெகுகாலம் முன்னால் ஒரு வண்டியின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் பார்வையை எடுப்பதற்கு முன்பே டார்ச் வெளிச்சம் நகர்ந்துவிட்டது.

மஸ்தான் பாயை ஏறிட்டுப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"காபி ஆறுது சார்," என்றார்.

எழுந்து நின்றேன். அத்தனை தொப்பியும் என்னை நோக்கித் திரும்பியிருந்தன. தணிகாசலம் சிவப்பு வண்டியின் மூக்கின்மேல் ஒரு கையை வைத்து, போட்டோவுக்கு நிற்பது போல நின்றார். "இன்னா சர்வேயரே, எத்த வெச்சிக்கலாம், சொல்லு," என்றார்.

அந்த ஒரு நிமிஷத்தில் என் புத்தி எவ்வளவு வேகமாக வேலை செய்தது தெரியுமா? இவர் சிவப்பை விற்கப்போவதில்லை. விற்காத வண்டியால் யாரும் ஏமாறப்போவதில்லை. யாரும் ஏமாறாதபோது சொல்லி என்ன பயன்? பெரிய மனிதரைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைப்பது முறையா? பயந்தவனுக்குத்தான் இத்தனை நியாயம் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும். ஒரு கேள்விக்கு நாலு நல்ல காரணங்கள் உங்களுக்கு ஒரே நொடியில் தோன்றினால், ஐந்தாவதாக ஒன்று அடியில் ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சிவப்புதான் அண்ணா," என்றேன். "அதுதான் உங்க வண்டி."

கை தட்டினார்கள். பல் டாக்டர் கையுறையோடு தட்டியதால் அவர் தட்டியது மட்டும் கேட்கவில்லை.

தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு சீனியர் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவர் பிள்ளைகள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவர் எனக்குக் கொடுத்த ஒரே சொத்து ஒரு வாக்கியம். சிக்கலான இடம் வந்தால் 'பார்வையிடப்பட்டது' என்று எழுது, சரி என்றும் எழுதாதே, தப்பு என்றும் எழுதாதே என்பார். அந்த வாக்கியத்தால் அவர் எந்த வழக்கிலும் மாட்டாமல் ஓய்வு பெற்றார். அவரால் யார் யார் மாட்டினார்கள் என்பதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கமாக நான் எழுதிய ரிப்போர்ட்டில், சிவப்பு வண்டிப் பக்கத்தில், நல்ல இங்கிலீஷில் அதையே எழுதினேன். சேஸ் எண் பார்வையிடப்பட்டது. கீழே கையெழுத்து, முத்திரை.

ஒரு மாதத்தில் வெள்ளை வண்டி பெங்களூர் போனது. பல் டாக்டர் அதைக் கூண்டு லாரியில் ஏற்றி, கம்பளி சுற்றி, டிரைவரிடம் பத்து முறை மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, லாரிக்குப் பின்னாலேயே தன் காரில் போனாராம். தணிகாசலம் அன்றைக்குத் தலைவலி என்று வெளியே வரவில்லை. பச்சையைக் கேட்டு உதிரி பாக வியாபாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு முறையும் வசந்தாம்மாவே வாசலில் நின்று பதில் சொல்லி அனுப்பினார். பிறகு மஸ்தான் பாயை வரவழைத்து மாம்பழக் கிரேட்டுகளை இறக்கச் சொன்னார். ஃபாக்டரி தொடங்கிய காலத்தில் அந்தப் பச்சை வண்டியில்தான் வசந்தாம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டார், மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டார் என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. மூன்று வண்டிக்கும் சேர்த்து அன்று நான் நாற்பது கேள்வி கேட்டிருப்பேன். இந்த வண்டியை யார் ஓட்டினார்கள் என்பது அதில் இல்லை.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். முடிந்துவிட்டது என்று நானும் நம்பினேன். ஆனால் தொப்பிக்காரர்கள் திருப்பதியில் ஒரு அணிவகுப்பு நடத்த முடிவு செய்தார்கள். அதில் முதல் வண்டியாகப் போக வேண்டுமென்றால் பழமை வண்டி என்று முறைப்படி பதிவு செய்திருக்க வேண்டுமாம். தணிகாசலம் சிவப்பு வண்டிக்கு மனுப் போட்டார். கூடவே என் ரிப்போர்ட். கம்ப்யூட்டரில் எண்ணைப் போட்டதும், அதே எண்ணோடு வடக்கே இன்னொரு மாநிலத்தில் இன்னொரு வண்டி ஏற்கெனவே பதிவாகியிருப்பது தெரிந்துவிட்டது. விசாரணைக்கு வரச்சொல்லி அவருக்கும் எனக்கும் திருப்பதிப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது.

கடிதம் வந்த மறுநாள் சித்தூருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். வீட்டின் முன்சுவரை இடித்துவிட்டிருந்தார்கள். மீதி இருந்த அறையில் ரோட்டைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். எதிரே வெயிலில் சிவப்பு வண்டி.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே எண்ணைப் பார்த்தேன், தப்பு என்று தெரிந்தது, உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று மறைத்துவிட்டேன் என்றேன். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை.

"எனக்குத் தெரியும்பா," என்றார். "வாங்கி நாலு வருஷத்துல மஸ்தான் பெயின்ட்டு சொரண்டறப்ப பார்த்துட்டு சொன்னான். அதுக்குள்ள மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அனுப்பிட்டேன். பேப்பர்ல போட்டோ வந்துட்ச்சி. யார்கிட்ட போய் சொல்றது? மேலயே பெயின்ட்டு அடிச்சிடுன்னேன்."

ஒத்திகை பார்த்ததில் இது இல்லை. அப்படியானால் என்னை ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"நீ பார்த்துடுவ. ஆனா நாலு பேர் எதிர்ல சொல்லமாட்ட. அது சித்தூர்லேர்ந்து காளஹஸ்தி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அதான் உன்னக் கூப்பிட்டேன்."

முப்பது வருஷமாக என்னை எல்லோரும் தன்மையான ஆள் என்பார்கள். யார் மனமும் நோகப் பேசமாட்டார் என்பார்கள். அதைப் பாராட்டு என்று நினைத்து வீட்டில் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அது விலாசம் என்று அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரில் நின்றபோதுதான் புரிந்தது. இந்த மாதிரி வேலைக்கு இன்னாரைக் கூப்பிடு என்று ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்ட விலாசம்.

விசாரணையில் நான் எதையும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை என்றார். ரிப்போர்ட்டில் இருப்பதையே திருப்பிச் சொன்னால் போதும், பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் சரி என்றார். "அது உனக்கு நல்லா வரும்," என்றும் சேர்த்துக்கொண்டார். கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

விசாரணை நாளன்று அலுவலகத்துக்குப் போனால் வராந்தா பெஞ்சில் மஸ்தான் பாய் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கடிதம் போயிருக்கிறது. அவருடைய ஷெட்டை இரண்டு முறை வந்து சோதித்துவிட்டார்கள், எண் பொறிக்கும் அச்சு ஏதாவது இருக்கிறதா என்று. வேலைக்கு இருந்த இரண்டு பேரும் பயந்து நின்றுவிட்டார்களாம். என்னைப் பார்த்து எழுந்து சலாம் வைத்தார். வெளியே மரத்தடியில் பச்சை வண்டி நின்றது. அதற்குள் வசந்தாம்மா. சித்தூரிலிருந்து அவர்தான் கணவரை அதில் அழைத்துவந்திருந்தார்.

விசாரித்த இன்ஸ்பெக்டர் சத்தியவேட்டுப் பக்கத்துப் பெண். வயது முப்பது இருக்கலாம். தெலுங்கில் தொடங்கியவர், நான் நகரி என்றதும் தமிழுக்கு வந்துவிட்டார். முதலில் தணிகாசலம் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தார். நல்ல நம்பிக்கையில் வாங்கினேன், பெயின்ட் வேலைக்காக வண்டி பல மாதம் மெக்கானிக் ஷெட்டில் இருந்தது, அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் அதில் இருந்தது. மஸ்தான் பெயர்கூட இல்லை. பெயரைப் போடாமலே ஒரு ஆளை எப்படிச் சிக்க வைப்பது என்பதில், என் சீனியருக்கே தணிகாசலம் பாடம் எடுக்கலாம்.

பிறகு இன்ஸ்பெக்டர் என் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"பார்வையிடப்பட்டதுன்னு எழுதிக்கினு இருக்கீங்க சார். மத்த எல்லாத்துக்கும் சரின்னு எழுதினவரு, இதுக்கு மட்டும் ஏன் எழுதல?"

அந்த வாக்கியத்தை இத்தனை வருஷத்தில் இப்படி யாரும் படித்ததில்லை. எங்கள் வாக்கியங்களை யாரும் படிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே எழுதுகிறோம்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் திறமை இல்லாதவன் ஆவேன், கொஞ்ச நாளில் ஓய்வு பெறப்போகிறவனுக்கு அது பெரிய நஷ்டமில்லை. கவனித்தேன் என்றால் திருட்டுத்தனம் செய்தவன் ஆவேன், உரிமமே போகலாம். முதல் வழி சுலபம். ஆனால் கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் மஸ்தான் பாய் முழங்கால்மேல் இரண்டு கைகளையும் வைத்து, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது போல உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. எண்ணைத் தேய்த்த கோடுகளின்மேல் பழைய பெயின்ட் இருந்ததை அறிந்தவர்கள் மூன்றே பேர். சொன்னால் நம்பப்பட மாட்டார் ஒருவர். சொல்லப்போவதில்லை ஒருவர். மிச்சம் நான்.

துணிச்சல் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன்.

"பார்த்தேம்மா. தப்புன்னு தெரிஞ்சிது. தெரிஞ்சேதான் அப்டி எழுதினேன். எண்ணை மாத்தினது ரொம்பப் பழசு. ரெண்டு பெயின்ட்டுக்கு அடியில துரு கீது. மஸ்தான் பாய் அடிச்சது மேல் பெயின்ட்டு மட்டும். சொரண்டிப் பார்த்தா உங்களுக்கே தெரியும்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தணிகாசலத்தைப் பார்த்தார். தணிகாசலம் என்னைப் பார்த்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். தன் வீட்டு நாய் திடீரென்று பேசியதைக் கேட்டவர் போல அவர் முகம் இருந்தது.

பிறகு அவர் வாக்குமூலத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கையை நீட்டினார். மஸ்தான் தன்னிடம் அன்றைக்கே சொன்னதையும், தான்தான் மூடச் சொன்னதையும் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதுவரை அவரை எவ்வளவு கிண்டல் செய்து எழுதினேனோ, அதை எல்லாம் அடிக்கத் தோன்றுகிறது. ஆனால் அடிக்கமாட்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் தன் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அது இன்ஸ்பெக்டருடைய பேனா.

சிவப்பு வண்டியை அலுவலகம் எடுத்துக்கொண்டது. அதன் கதை இன்னும் ஏதோ ஒரு கோர்ட்டில் இருக்கிறது. எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் என்னைத் தங்கள் சர்வேயர் பட்டியலிலிருந்து எடுத்தன. ஓய்வு பெற வேண்டிய தேதிக்கு முன்பே வேலை இல்லாதவன் ஆனேன். சால்வை, மாலை எதுவும் இல்லை. செயலாளர் இப்போது என்னை எழுதச் சொல்லியிருப்பது அந்தச் சால்வைக்குப் பதிலாக இருக்கலாம்.

விசாரணை முடிந்து அன்று நாங்கள் வெளியே வந்தபோது மணி இரண்டு. நடந்ததை வசந்தாம்மாவிடம் தணிகாசலமே சொன்னார், மெக்கானிக் ஷெட்டைப் பற்றி எழுதிக் கொடுத்ததையும் விடாமல். வசந்தாம்மா கேட்டு முடித்துவிட்டு, பச்சை வண்டியின் அந்தப் பக்கத்துக் கதவுக்குள் கையை விட்டுத் திறந்தார்.

"நீ ஏறு மஸ்தான்," என்றார். "இதுல ரெண்டு பேருக்குத்தான் எடம்."

மஸ்தான் பாய் சங்கடத்தோடு முதலாளியைப் பார்த்தார். முதலாளி வேறு எங்கேயோ பார்த்தார். வண்டி ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகிப் போய்விட்டது. இன்று அந்த அபார்ட்மெண்ட் சரிவில் தினமும் ஏறி இறங்குவது அதுதான்.

எங்கள் இருவரையும் வெயிலில் விட்டுவிட்டார்கள். சித்தூர் பஸ் ஏற்றிவிடலாம் என்று நானும் அவரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து உட்கார்ந்தார். பஸ்ஸில் ஏறி எத்தனை வருஷம் இருக்குமோ, முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் கீழே நின்றேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று எதையாவது சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"மூணுல எது நல்ல வண்டி?" என்று கேட்டார்.

"வெள்ளை," என்றேன்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ணா."

தலையை ஆட்டினார். "நானா வெள்ளைய வெச்சிக்கறேன்னு சொல்ல முடியல. செவப்ப வெளிய தள்ளினா யாராவது வாங்குவான், பார்ப்பான், மாட்டிக்குவேன். செவப்புதான் வேணும்னு நாந்தான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். ஒருத்தனாவது, இல்ல, வெள்ளதான் வண்டின்னு எதிர்ல நின்னு சொல்வானான்னு பார்த்தேன். சொல்லியிருந்தா அத்தயே சாக்கா வெச்சி செவப்ப ஒடச்சிப் போட்டுட்டு இருப்பேன். நீ ஒரு மணி நேரம் அத்த தடவித் தடவிப் பார்த்த. நீ சொல்லுவேன்னு நெனச்சேன்."

சொல்லமாட்டேன் என்பதற்காகத்தானே என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னீர்கள் என்று கேட்டிருக்கலாம். இரண்டுமே உண்மையாக இருந்திருக்கும். ஒரே மனிதர் ஒரே காலையில் நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்றும், திறக்க வேண்டும் என்றும் ஆசைப்படுவார். எது அவருக்கு நல்லது என்று கண்டுபிடிக்கத்தான் நமக்குக் கூலி. நான் கேட்பதற்குள் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

தணிகாசலம் அதற்குப் பிறகு இரண்டு முறை பெங்களூர் போய் வெள்ளை வண்டியைத் திருப்பித் தரும்படி கேட்டிருக்கிறார். பல் டாக்டர் உபசாரம் செய்து, காபி கொடுத்து, முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வண்டி நிற்கும் கண்ணாடி அறையின் சுவரில் ஒரு காகிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாராம். என் ரிப்போர்ட்டில் வெள்ளை வண்டிக்கான பக்கம் அது. எண், எஞ்சின், மரம், காகிதம், எல்லாம் அசல், எல்லாம் சரி, இதுபோன்ற வண்டி கிடைப்பது அரிது என்று எழுதி, கடைசி வரியில் விற்றுவிடலாம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் டாக்டர் அந்தக் கடைசி வரியைக் காட்டிச் சிரிப்பாராம். முப்பது வருஷத்தில் நான் எழுதியவற்றில் சட்டம் போட்டு மாட்டப்பட்டது அது ஒன்றுதான்.